எட்டாத இலை

வைகாசி வந்திருந்தது. பாட்டுகளில் அது வெயில் முதிரும் மாதம். சந்தனமும் பனையோலை விசிறியும் பேசப்படும் மாதம். சிட்னியின் செவன் ஹில்ஸில் அதுவே இலை உதிரும் மாதம். சூரியன் நடுவானத்துக்கு ஏற மனமில்லாததுபோல வடக்கு ஓரமாகவே தாழ்ந்து நடந்து, நான்கு மணிக்கெல்லாம் வேலிகளின் நிழலைத் தெருவுக்குக் குறுக்கே கிடத்திவிட்டுப் போனது. எங்கிருந்தோ கொண்டுவந்து நடப்பட்ட மரங்கள் செம்பும் பொன்னுமாகப் பழுத்து, ஒரு காற்று வந்ததும் எல்லாவற்றையும் ஒருசேர இழந்து நின்றன. இந்த மண்ணிலேயே பிறந்த யூகலிப்டஸ் மரங்களோ அசையவில்லை. அவை கோடையில் பட்டையை நீளநீளமாக உரித்துப் போடுமேயன்றி, ஒருநாளும் மொட்டையாக நிற்பதில்லை. ஆகவே ஒரே தெருவில் ஒரு மரம் துக்கம் காத்தது. அதன் பக்கத்து மரம் காக்கவில்லை. வானம் மட்டும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல வெறுமையாகவும் துப்புரவாகவும் கிடந்தது.

அந்தத் தெருவின் கடைசி வீட்டில் முப்பது நாளாகச் சாமியறை திறக்கப்படவில்லை. விளக்கு எரியவில்லை. விடியற்காலையில் பதிகம் பாடும் நாகேஸ்வரியின் குரல் கேட்கவில்லை. கணவர் மகேந்திரராஜா இறந்த ஆண்டில்கூட, துடக்கு என்னும் தீட்டு நாள்கள் தவிர அந்தக் குரல் நின்றதில்லை. இப்போது பாட வேண்டிய நேரத்தில் அவர் குசினிக் கதிரையில் உட்கார்ந்து, கெற்றிலில் தண்ணீர் கொதித்து அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பரமட்டா ரயில் மேடையில் அவர் மகள் ராகவி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலைக்குள் ஒரு நாளம் வெடித்திருந்தது. இரண்டு நாள் இயந்திரங்கள் அவளுக்காக மூச்சுவிட்டன. பிறகு அவையும் நிறுத்தப்பட்டன. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. கைப்பையில் தாய் கட்டிக் கொடுத்த புட்டு அப்படியே இருந்தது.

ராகவி செய்த தொழிலை உறவினருக்கு விளக்கிச் சொல்வது நாகேஸ்வரிக்கு எப்போதும் சங்கடமாகவே இருந்தது. மற்றவர்களின் பிள்ளைகள் கணினியிலும் மருத்துவத்திலும் இருக்க, இவள் மெரிலேண்ட்ஸில் ஒரு பட்டறையில் பழைய தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிகளைப் பழுதுபார்த்தாள். அதற்காகவே இரண்டு ஆண்டு பிரான்சில் இருந்து, எண்ணூறு ஆண்டுப் பழைமையான பேராலயங்களின் சாளரங்களைச் சாரத்தில் ஏறி நின்று கற்றுவந்தாள். மனித முகங்களும் சிறகு விரித்த சம்மனசுகளும் எல்லோருக்கும் பிடிக்கும். அவளுக்குப் பிடித்தவை மரங்கள். யாரும் நிமிர்ந்து பாராத மூலைகளில் அந்தப் பழைய கலைஞர்கள் தீட்டிவைத்த மரங்களை மட்டும் நூற்றுக்கணக்கில் படமெடுத்து வைத்திருந்தாள்.

ஒருநாள் மாலை நாகேஸ்வரி குசினியில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருக்க, ராகவி மடிக்கணினியைக் கொண்டுவந்து அந்த மரங்களைக் காட்டினாள். நாகேஸ்வரி கத்தியை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். நீலநிறத்தில் ஒரு அடிமரம். கயிறுபோல் முறுக்கி வளைந்திருந்தது. அதன்மேல் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் குடைகுடையாய் ஏழெட்டு இலைகள். ஒவ்வொன்றும் கீழே நின்ற மனிதனின் தலையைவிடப் பெரிது.

“இதென்ன மரம்? மழைக்கு முளைச்ச காளான் மாதிரிக் கிடக்கு,” என்றார்.

ராகவி சிரித்தாள். கண்ணாடியில் மெல்லிய கிளை வெட்டினால் முறிந்துவிடும் என்றும், ஆகவே நூறு இலைக்குப் பதில் ஒரு பேரிலை வைப்பார்கள் என்றும், அறுபதடி கீழே தரையில் நிற்கும் எளிய மனிதனுக்கு அது மரம் என்று தெரிந்தால் போதும் என்றும் சொன்னாள். பின்புலம் நீலமானால் இலை சிவக்கும், பின்புலம் சிவந்தால் இலை நீலமாகும். அவர்களுக்கு இலையின் நிறம் வெளிச்சம் கேட்கிற நிறம். தூங்குகிற ஒரு முதியவரின் உடலிலிருந்து குலமரம் ஒன்று முளைத்து, கிளைக்குக் கிளை அரசர்களைத் தாங்கி ஏறுகிற சாளரத்தையும் காட்டினாள்.

“அவங்கள் மரத்தைப் பார்த்து வரையேல்லை அம்மா,” என்றாள். “அவங்களுக்கு அது சொர்க்கத்தில நிக்கிற மரம். பார்த்து வரைய ஏலுமே?”

நாகேஸ்வரிக்கு அது புதிதாகப் படவில்லை. அவர் நாள்தோறும் பாடும் பதிகங்களில் வரும் கொன்றையும் புன்னையும் அப்படித்தான் இருந்தன. பொன்னே பூவாகத் தொங்கும், முத்தே மொட்டாக உதிரும். அவற்றை எந்தத் தோட்டத்திலும் காண முடியாது. திரையை நெருங்கிப் பார்த்தார். அந்தக் குலமரத்தின் கிளை முனையில் மும்மூன்று மடலாய் இலைகள் விரிந்திருந்தன.

“இது வில்வமெல்லோ,” என்றார்.

“அது அவங்கட டிசைன் அம்மா. மூண்டு மடல் வைப்பாங்கள்.”

“வைச்சது ஆரெண்டாலும் வில்வம் வில்வம்தான். இந்தச் சிட்னியில ஒரு இலைக்கு நான் படுகிற பாடு எனக்கெல்லோ தெரியும்.”

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அந்த மாலை முடிந்திருக்கலாம். நாகேஸ்வரி பூசணிக்காயை மறுபடி கையிலெடுத்தபோது, மனதில் நெடுநாள் கிடந்த ஒன்று தானாக நழுவி வெளியே வந்துவிட்டது.

“ஊர்ப்பட்ட கோயிலுக்கெல்லாம் கண்ணாடி போடுறாய். எங்கட சாமிக்கு ஒரு நாள் ஒரு திரி திரிச்சுக் குடுத்திருப்பியோ?”

ராகவி மடிக்கணினியை மெல்ல மூடினாள். அவள் முகம் வாடியதா என்பதை நாகேஸ்வரி பார்க்கவில்லை, பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் பொறுங்கோ அம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அது தை மாதத்தில் நடந்தது. அதன்பின் அவர்களுக்குள் எத்தனையோ பேச்சு நடந்தது. பால் வாங்குவது, மின்கட்டணம், மெல்பேர்னில் இருக்கும் ராகவியின் தம்பி பிரஷாந்தனின் பிடிவாதம். ஆனால் தகனச்சாலையில் பெட்டி உள்ளே போன கணத்திலிருந்து நாகேஸ்வரியின் காதில் நின்றது அந்த ஒரு கேள்விதான். அதைக் கேட்டவர் அவர். பதிலில்லாமலே பிள்ளை போய்விட்டாள். தெய்வத்தின் முன்னால் ஒரு திரியளவுக்கும் கணக்கில்லாமல் தன் மகள் போய் நிற்பதாக அவர் நினைத்தார். அதைச் சுட்டிக்காட்டியதும் பெற்ற தாயின் வாயே என்று நினைத்தார். அந்த நினைவு வரும்போதெல்லாம் கைகளைக் கழுவினார்.

கழுவுவது அவர் தொழிலுமாகும். பரமட்டாவுக்கு அருகே ஒரு மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டு வேலை. கத்தரிக்கோல் மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரத்தத் துணுக்கும் அவர் கண்ணுக்குத் தப்பாது. “அம்மாட கையில அகப்பட்டால் சூரியனையும் டெட்டோலில ஊறப்போட்டு, மரைக்கு மரை கழட்டித் துடைச்சு விடுவா,” என்று ராகவி தன் சிநேகிதிகளிடம் கேலி செய்வாள்.

முப்பத்தோராம் நாளுக்கு முந்திய நாள், வழக்கப்படி, வீடு கழுவத் தொடங்கினார். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி முடிந்து துடக்கு கழிந்தால்தான் சாமியறையைத் திறக்கலாம். அதற்கு வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் மஞ்சள் தண்ணீர் பட வேண்டும். பிரஷாந்தன் பிற்பகல் விமானத்தில் வருவதாக இருந்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று வாளியும் துணியுமாக அறை அறையாகப் போனார். கடைசியாக எஞ்சியது ராகவியின் பின்னறை.

இறப்பதற்கு முந்திய மூன்று மாதமும் அவள் அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தாள். உள்ளே குப்பை, வந்தால் உங்களுக்கு மயக்கம் வரும் என்று சொல்வாள். நாகேஸ்வரி திறந்தபோது அது உண்மையாகவே இருந்தது. துக்க வீடென்று யன்னல் திரைகளெல்லாம் இழுத்து மூடப்பட்டிருந்ததால், கூரை விளக்கைப் போட்டுப் பார்த்தார். சுவரோரத்துப் பலகையில் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் கரிக்கோடுகள் கிறுக்கலாக ஓடின. கிண்ணங்களில் பழுப்புத் தூள் காய்ந்து வெடித்திருந்தது. யன்னலின் முன்னால் ஒரு தாங்கியின்மேல் ஆளுயரக் கண்ணாடிப் பலகை ஒன்று நின்றது. அதில் மெழுகுத் துளிகளால் ஒட்டிய சிறுசிறு கண்ணாடித் துண்டுகள், கீழிருந்து மேலாக நாற்பது இருக்கும். பின்னால் வெளிச்சம் இல்லாதபோது வண்ணக் கண்ணாடிக்கு நிறமில்லை. அவையெல்லாம் கருங்கல் சில்லுகள்போல் இருண்டு, புகைபிடித்த அடுப்புச் சுவர்போல அழுக்கேறிக் கிடந்தன. பிள்ளை கடைசியாக நின்ற இடம் இத்தனை ஊத்தையாகவா இருக்க வேண்டும் என்று வாளியை இறக்கி வைத்தார்.

ஈரத்துணியைப் பிழிந்து ஒவ்வொரு துண்டாகத் துடைத்தார். மெழுகு விட்டுவிடாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, கருவிகளைத் துடைக்கும் அதே கவனத்தோடு, ஓரங்களையும் விடாமல் துடைத்தார். இருபத்திரண்டு ஆண்டில் எந்தக் கறையும் இவ்வளவு இலகுவாக விட்டதில்லை. தொட்டதும் வந்தது. பிறகு பலகையைத் தேய்த்தார். சுண்ணாம்பும் கரியும் கரைந்து வாளித் தண்ணீர் கறுத்தது. கண்ணீர் ஓடியது, ஆனால் கைகளுக்குச் செய்ய ஒரு வேலை இருந்ததால், முப்பது நாளில் முதல்முறையாக மனம் சற்று ஆறியது. மகளுக்குத் தான் செய்யக்கூடிய கடைசிப் பணிவிடை இது என்று நினைத்துக்கொண்டார்.

உச்சியில் இருந்த ஒரு துண்டு மட்டும் எட்டவில்லை. ராகவி தகப்பனைப்போல உயரம். கதிரை போட்டு ஏறலாம் என்று நினைத்தபோது தொலைபேசி அடித்தது. பிரஷாந்தன் விமான நிலையத்தில் இறங்கிவிட்டான். முழங்காலும் நோகத்தான் செய்தது. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். கறுத்த தண்ணீரை வீட்டின் பின்வளவிலிருந்த கறிவேப்பிலையின் அடியில் ஊற்றினார்.

மறுநாள் அந்தியேட்டி நடந்தது. சாமியறை திறந்தது, விளக்கு எரிந்தது. பிரஷாந்தன் மூன்று நாள் இருந்து, மெல்பேர்னுக்கு வந்துவிடுங்கோ என்று ஒவ்வொரு நேரச் சாப்பாட்டிலும் கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பாட வாய் திறந்தால் முதல் அடியிலேயே அந்தக் கேள்வி வந்து குறுக்கே நின்றது. ஆகவே நாகேஸ்வரி பாடாமலே விளக்கேற்றினார்.

ஆனி பிறந்த முதற்சனிக்கிழமை பார்கவி வந்தாள். பட்டறையில் ராகவிக்குப் பக்கத்து மேசை அவளுடையது. கும்பகோணத்துப் பெண், கணினி வேலைக்கென்று சிட்னி வந்து, நாலாம் ஆண்டில் அதை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வந்தவள். இரண்டு பேரையும் பட்டறையில் தமிழ்க் கட்சி என்பார்களாம். எந்தத் தமிழ் சரியான தமிழ் என்ற சண்டையில் கட்சி நாளுக்கொரு முறை உடையுமாம். கையில் நுரைமெத்தை விரித்த தட்டுகள் சிலவற்றை அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, ராகவி வீட்டில் ஒரு வேலை பாதியில் வைத்திருந்தாள், அதைச் சூளைக்குக் கொண்டுபோக வந்தேன் என்றாள்.

நாகேஸ்வரி அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். திரை இன்னும் மூடியே இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, விருந்தாளிக்கு வீட்டைக் காட்டும் தாயின் கூச்சத்தோடு சொன்னார்.

“எல்லாம் துடைச்சு வைச்சிருக்கிறன் பிள்ளை. உச்சியில கிடக்கிற அந்த ஒண்டுதான் எட்டேல்லை. குறை நினையாதை.”

பார்கவி அருகே போனாள். கண்ணாடிப் பலகையை ஒருமுறை பார்த்தாள். வெறும் மரமாய்க் கிடந்த சுண்ணாம்புப் பலகையைப் பார்த்தாள். தட்டுகளை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

அந்தப் பார்வையை நாகேஸ்வரி தன் குறைக்கான கண்டனமாகவே எடுத்துக்கொண்டார். வந்த பிள்ளை ஊத்தையான துண்டை எடுத்துப்போவதா என்று விறுவிறுவென்று போய்க் குசினிக் கதிரையையும் ஈரத்துணியையும் கொண்டுவந்தார். ஒரு கையால் யன்னல் சட்டத்தைப் பிடித்துக் கதிரையில் ஏறினார். துணியோடு கை உச்சிக்குப் போனபோது பார்கவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் ஆன்ட்டி.”

“ஒரு நிமிச வேலை பிள்ளை. கொஞ்ச ஊத்தை தானே.”

“அது ஊத்தை இல்ல ஆன்ட்டி.”

மணிக்கட்டை விடாமலே மறுகையால் திரைக் கயிற்றை இழுத்தாள்.

வடக்குச் சூரியன் நேராக வந்து விழுந்தது. கருங்கல் சில்லுகள் ஒரே மூச்சில் நிறங்களாயின. நீலநிற அடிமரம், கயிறுபோல் முறுக்கி, வளைந்து எழுந்தது. அதிலிருந்து இருபுறமும் சிவப்பும் பச்சையும் தேன்மஞ்சளுமாகத் துண்டுகள் விரிந்தன. நரம்பில்லாமல், விளிம்பில்லாமல், வெறும் நிறமாக. உச்சியில் இருந்த பச்சைத் துண்டில் மட்டும் இலை இருந்தது. தடித்த கருங்கோட்டில் மூன்று மடல். மடலுக்குள் பழுப்பு நிழல். அந்த நிழலைக் குச்சிமுனையால் கீறிக்கீறி எடுத்த நரம்புகள் வழியே ஒளி ஊசி ஊசியாக வந்தது.

வில்வம்.

நாகேஸ்வரி கதிரையிலேயே நின்றார். பார்கவி அவரைப் பிடித்து இறக்கி அதே கதிரையில் உட்காரவைத்தாள். அதன்பின் அவள் சொன்னவை துண்டுதுண்டாக அவர் காதில் விழுந்தன. இரும்புப் பொடியும் அரைத்த கண்ணாடியும் கோந்தில் குழைத்துத் தீட்டுவது. சூளையில் சுடும்வரை அது கண்ணாடியோடு சேராது. தூசிபோல மேலே உட்கார்ந்திருக்கும். பழைய பேராலயக்காரர்கள் காகிதம் இல்லாத காலத்தில் சுண்ணாம்புப் பலகையில்தான் படம் போட்டார்கள். ராகவியும் அப்படியே செய்ய வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தாள். அளவு, இந்த வீட்டுச் சாமியறையின் கிழக்கு யன்னலுக்கு எடுத்தது.

மாசி மாதம் ராகவி அந்த யன்னலை நாடா வைத்து அளந்தது நாகேஸ்வரிக்கு நினைவு வந்தது. புதுத் திரைச்சீலைக்காக்கும் என்று நினைத்திருந்தார்.

“உங்க அறுபதாவது பிறந்தநாளுக்கு ஆன்ட்டி. கார்த்திகையில. எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா, சொல்லக் கூடாதுன்னு. அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க, அதுக்கு இதுதான் பதில்னு சொன்னா.” பார்கவி தன் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “எல்லா இலையும் வில்வம். இருபத்து நாலு.”

நாகேஸ்வரி அழவில்லை. யன்னலுக்கு வெளியே கறிவேப்பிலை குளிர்காலத்திலும் புதுத்துளிர் விட்டிருந்ததைப் பார்த்தார். இருபத்து மூன்று வில்வமும் அதன் வேருக்குப் போயிருந்தன.

“தண்ணி பட்டவுடனை போயிடுமோ?” என்று கடைசியில் கேட்டார்.

“ஆமா ஆன்ட்டி.”

“உடனை வந்துது. நான் சந்தோசப்பட்டனான்.”

பார்கவி தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். பட்டறையில் இது எல்லோருக்கும் ஒருமுறை நடப்பதுதான் என்றாள். தன்னுடைய பத்து நாள் வேலையை ராகவியே முழங்கையால் அழித்ததையும், தான் மூன்று நாள் அவளோடு பேசாமலிருந்ததையும், நாலாம் நாள் அவள் தட்டு நிறைய மைசூர்பாகு கொண்டுவந்து, அது கல்லாயிருக்க, இதைக் கண்ணாடி வெட்டவாவது வைத்துக்கொள் என்றதையும் சொன்னாள். நாகேஸ்வரி சிரிக்க முயன்றார்; அந்த மைசூர்பாகு அவர் கிண்டியது. சிரிப்பு பாதியில் உடைந்து, இத்தனை நாளும் அடங்கியிருந்த அழுகையாக வெளியே வந்தது. அழுதபடியே தை மாதத்துக் கேள்வியைச் சொன்னார். யாரிடமும் சொல்லாதது அது, மகனிடம்கூடச் சொன்னதில்லை.

அழுகை ஓய்ந்ததும் அவர் பார்கவியின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“நீ வரை பிள்ளை. அவள் எப்பிடி வரைஞ்சாளோ அப்பிடியே வரைஞ்சு தா.”

பார்கவியின் முகத்தில் ஒரு தயக்கம் வந்து போனது. கைபேசியில் ஒரு படம் இருந்தது. பங்குனியில் எடுத்தது, வேலை பாதியான நிலையில், சற்று மங்கலாக. போதும் என்றாள். துண்டுகளை ஒவ்வொன்றாக மெழுகிலிருந்து பிரித்துத் தட்டில் அடுக்கினாள். உச்சி இலையை மட்டும் தனிப்பெட்டியில், மூச்சுக்கூடப் படாமல், பிஞ்சுக் குழந்தையைப்போல வைத்து எடுத்துப்போனாள்.

அந்த ஒரு வாரம் நாகேஸ்வரி எதிர்பார்ப்போடு இருந்தார். இலைகள் திரும்பி வரும். சாமியறையில் மரம் நிற்கும். கேள்விக்குப் பதில் எழுதியாகிவிடும். தன் கை செய்ததை யாரும் அறியமாட்டார்கள். அப்படி நினைக்கும்போது மனம் இலகுவாவதற்குப் பதில், ஏனென்று தெரியாமல் கனத்தது.

அடுத்த சனிக்கிழமை பார்கவி இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்தாள். ஒன்று உச்சி இலை. சூளையில் வெந்து, இனி எந்தத் தண்ணீருக்கும் அசையாதபடி கண்ணாடியோடு ஒன்றாகியிருந்தது. மற்றது அவள் தீட்டிய முதல் இலை, இன்னும் சுடாதது. சரியென்று ஆன்ட்டி சொன்னால் மீதியையும் இதேபோல் முடித்துச் சுடலாம் என்றாள்.

நாகேஸ்வரி இரண்டையும் சாமியறை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்கவியின் இலை மிக அழகாக இருந்தது. மூன்று மடலும் அளந்தெடுத்ததுபோல் சமம்; கோடு எங்கும் நடுங்கவில்லை. ராகவியின் இலையில் இடது மடல் சற்றுப் பருத்திருந்தது. நடு நரம்பு முனையில் வழுவி ஒரு மயிரிழை கோணிப் போயிருந்தது. அடியில், காம்பின் ஓரத்தில், பெருவிரல் பட்ட தடம் ஒன்று, இரேகைகளோடு, சுட்டுப்போய் நிலைத்திருந்தது.

அந்தத் தடத்தின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

“உங்கட பட்டறையில,” என்று மெல்லக் கேட்டார், “பழைய கண்ணாடியில சித்திரம் அழிஞ்சு கிடந்தால் என்ன செய்வியள்?”

பார்கவி கேள்வியைத் தட்டிக்கழிக்கப் பார்த்தாள். சொல்லாமல் தப்ப முடியாதென்று கண்டபின் சொன்னாள். ஒரு தேவாலயத்திலிருந்து வந்த சாளரத்தில் அரசன் ஒருவனின் முகம் முழுக்க உதிர்ந்திருந்தது. புதிதாக வரைந்து கொடுங்கள் என்று அவர்கள் எவ்வளவோ கேட்டும் ராகவி மறுத்துவிட்டாள். “இல்லாத முகத்தை நான் கண்டுபிடிச்சு, அதைப் பழசுன்னு சொல்லித் தரமாட்டேன்னுட்டா. வெறும் கண்ணாடியாத்தான் போச்சு. இன்னமும் அப்படியேதான் இருக்கு.”

“அப்ப ஏன் பிள்ளை நீ இதுக்கு ஓம் எண்டனி?”

“நீங்க அழுதீங்க ஆன்ட்டி.”

நாகேஸ்வரி சுடாத இலையைக் கையில் ஏந்தினார். பிறகு சேலைத் தலைப்பை எடுத்து, விளக்கடியில் இருந்த பித்தளைச் செம்பில் நுனியை நனைத்து, அந்த இலையைத் துடைத்தார். முதல் மடல், இரண்டாம் மடல், மூன்றாம் மடல். அது தொட்டவுடன் போயிற்று. அன்று தெரியாமல் செய்த கை இன்று தெரிந்து செய்தது.

“உன்னில குறையில்லை, பிள்ளை. உன்ர இலைதான் வடிவு,” என்றார். “ஆனால் அவள் செய்யாததை அவளின்ர பேரில சாமிக்கு வைக்கேலாது. என்ர கை அழிச்சது அழிஞ்சபடியே இருக்கட்டும். அவள் ஒரு இலை வைச்சிருக்கிறாள். ஒண்டு காணும் அவருக்கு.”

பார்கவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

ஆனி கழிந்து ஆடி பிறந்தது. குளிர் முற்றிய மாதம். பார்கவி துண்டுகளை ஈயக் கம்பிகளுக்குள் வைத்து இணைத்து, பற்றுவைத்து, கிழக்கு யன்னலில் பொருத்தினாள். மறுநாள் காலை சூரியன் எழுவதைப் பார்க்க அவளும் வந்திருந்தாள். குளித்து, ஈரக் கூந்தலை முடிந்த நாகேஸ்வரி சாமியறைத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அயல்வீட்டுக் கூரைக்கு மேலே ஒளி ஏறியது. தரையில் மரம் விழுந்தது. நீலநிற அடிமரம் வாசற்படியிலிருந்து தொடங்கி, சிவப்பும் பச்சையும் தேனுமாகக் கிளைத்து, ஈயக் கோடுகளே கிளைகளாக, விக்கிரகங்கள் இருந்த பீடத்தை நோக்கிப் படர்ந்தது. ராகவி வெட்டிய வளைவுகள் எல்லாம் இருந்தன. அவள் தேர்ந்த நிறங்கள் எல்லாம் இருந்தன. இலைகள் இருக்க வேண்டிய இருபத்து மூன்று இடங்களிலும் வெறும் நிறம் கசிந்து கிடந்தது. அந்த வெறுமையை நாகேஸ்வரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிலிருந்தும் கண்ணை எடுக்கவில்லை. அவை ஆறப்போவதில்லை என்பதை அறிந்தே பார்த்தார்.

மரத்தின் உச்சி மட்டும் தரையைத் தாண்டி, பீடத்தின் கீழ்ப்படியில் ஏறியிருந்தது. அங்கே, ஒரு உள்ளங்கை அளவில், மூன்று மடல் நிழல்.

நாகேஸ்வரி பஞ்சை எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டினார். வழமையாக ஒன்று திரிப்பவர் இரண்டு திரித்தார். இரண்டாவதைத் திரிக்கும்போது உதடுகள் மகளின் பெயரைச் சொன்னதை அவரே அறியவில்லை. இரண்டு திரிகளையும் ஒன்றாக முறுக்கி, எண்ணெயில் தோய்த்து, அகலை அந்த இலை நிழலின் காம்படியில், பெருவிரல் தடம் விழுந்த இடத்தில் வைத்து ஏற்றினார். சுடர் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு பதிகத்தின் முதலடியை எடுத்தார். குரல் உடைந்தது. நிறுத்தி, மூச்சை இழுத்து, மறுபடி எடுத்தார். இம்முறை அது கடைசி அடிவரை போயிற்று.

பாடி முடித்து எழுந்து, திருநீற்றுத் தட்டோடு பார்கவியிடம் வந்தார். வேலைக்குப் புறப்படும் ராகவியின் நெற்றியில் நாள்தோறும் பூசியதுபோலவே மூன்று விரலால் பூசினார். கண்ணில் விழாதபடி மறுகையால் புருவத்தின்மேல் மறைத்துப் பிடித்திருந்தார்.

“உன்ர கை நோகாமல் இருக்கட்டும், பிள்ளை. உன்ர கண் மங்காமல் இருக்கட்டும். நீ தொட்டதெல்லாம் நெருப்பைக் கண்டு நிலைச்சு நிக்கட்டும். உன்னைப் பெத்தவள் கண்ணாலை கண்டு மகிழ, நீ நூறு வருசம் நல்லாயிரு.”